வெள்ளாட்டு இரத்தம் காட்டும் மரபு வேறுபாடு

ஒரே நிறமும் உயரமும் கொண்ட இரண்டு வெள்ளாடுகளின் இரத்தப் புரதங்கள் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. புரதத்தின் அமைப்பை மரபணுவே தீர்மானிக்கிறது. மரபணுவில் ஓரெழுத்து மாறினால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறலாம். அதனால் புரதத்தின் மின்னூட்டமும் மாறக்கூடும்.

இந்த மாற்றத்தைக் கண்டறிய உதவும் முறை எலக்ட்ரோஃபோரசிஸ். 1955-இல் ஆலிவர் ஸ்மித்தீஸ் ஸ்டார்ச் ஜெல்லைப் பயன்படுத்திக் காட்டியபின் இது கால்நடை ஆய்விலும் பரவியது. ஜெல்லில் இரத்த மாதிரியை இட்டு மின்சாரம் செலுத்தினால், மின்னூட்டத்துக்கு ஏற்பப் புரதங்கள் வெவ்வேறு வேகத்தில் நகரும். சாயமேற்றியதும் அவை பட்டைகளாகத் தெரியும்.

இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்துக்கு வெள்ளாடுகளில் ஏ, பி என்ற வடிவங்கள் உண்டு. குட்டி தாயிடமிருந்து ஒன்றையும் கிடாவிடமிருந்து ஒன்றையும் பெறுகிறது. எனவே ஓர் ஆடு ஏஏ, ஏபி, பிபி ஆகிய மூன்றில் ஒரு வகையாக இருக்கும். ஏபி ஆட்டில் இரண்டு வடிவங்களும் சேர்ந்தே தெரியும். ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. தாய் ஏஏ, குட்டி ஏபி என்றால், பி வடிவம் கிடாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே ஏஏ வகைக் கிடா அந்தக் குட்டியின் தந்தையாக இருக்க முடியாது.

ஹீமோகுளோபினிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. அதோடு, வயதுக்கேற்பவும் அது மாறுகிறது. கருவில் எஃப் வகையும், பிறந்த சில வாரங்களில் சி வகையும், வளர்ந்தபின் ஏ வகையும் மிகுந்திருக்கும். குடற்புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சியோ வேறு காரணத்தாலோ கடுமையான சோகை ஏற்பட்டால், வளர்ந்த ஆட்டிலும் சி வகை மீண்டும் உருவாகும். இவற்றுக்கான மூன்று மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அமைந்துள்ளன.

மந்தை முழுவதையும் கணக்கிட்டால் அதன் மரபு நிலை புலப்படும். உதாரணமாக, 100 ஆடுகளில் ஏஏ 60, ஏபி 30, பிபி 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 மரபணுப் பிரதிகளில் ஏ 150. அதாவது 75 விழுக்காடு. ஆடுகள் எந்தத் தெரிவுமின்றி இணைந்திருந்தால் ஏபி ஏறத்தாழ 37 அல்லது 38 இருக்க வேண்டும். ஆனால் 30 தான் உள்ளன. ஏபி இப்படிக் குறைவது நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை நடப்பதன் அறிகுறியாக இருக்கலாம். பல புரதங்களிலும் அதே குறைவு தென்பட்டால், வெளியிலிருந்து கிடா கொண்டுவருவது நல்லது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மின்னூட்டத்தை மாற்றாத மரபணு வேறுபாடுகள் ஜெல்லில் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் 1990-களிலிருந்து டிஎன்ஏவையே நேரடியாக ஆராயும் முறைகள் முன்னுக்கு வந்தன. 2013-இல் வெள்ளாட்டின் மரபணுத்தொகுதி வெளியானதும், புரதம் காட்டாத வேறுபாடுகளையும் ஆராய வழி பிறந்தது.