பளபளப்புக்குப் பின்னால்

*செகண்ட் ஹாண்ட் மோட்டார் சைக்கிள் வாங்குபவர் இன்ஜினில் ஏமாந்தால் கொஞ்சம் பணம் போகும். காகிதத்தில் ஏமாந்தால் வண்டியே போகும்.*

தில்லி கரோல் பாக்கின் பைக் கடைகள் உள்ள சந்துகளில் யார் மீதும் எதன் மீதும் இடிக்காமல் நடப்பது கஷ்டம். ஸ்ப்ளெண்டர், பல்சர், புல்லட் என்று ஹாண்டில்பாரோடு ஹாண்டில்பார் உரச வரிசையாக நிற்கின்றன. எல்லாமே பளபளக்கின்றன. டயருக்குக்கூடக் கறுப்பு பாலிஷ். விற்பவர் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்துகிறார். இன்ஜின் உடனே உறுமுகிறது. ஒரே ஓனர், ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டி என்கிறார். சென்னையில் இதே வசனம் "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்று வரும். ஊர்தான் வேறு, வியாபாரம் ஒன்றே.

வாங்க வருபவர்களில் பலருக்கு இதுதான் முதல் வண்டி. புது வண்டியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதற்குக் காரணங்கள் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானது. 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். அல்லது இணைந்த பிரேக் அமைப்பு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தது. எல்லாம் நல்லதற்கே. ஆனால் ஒவ்வொன்றும் பில்லில் ஒரு வரியைக் கூட்டியது. முதல் சம்பளக்காரர் பழைய வண்டிப் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை. அங்கே அவருக்கு வாரண்டி இல்லை. இருப்பது கண்ணும் காதும் கையும்தான். அவை போதும், எங்கே வைப்பது என்று தெரிந்தால்.

ஆறிய இன்ஜினைக் கேளுங்கள்

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. போனதும் இன்ஜின் மீது மெதுவாகக் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் பல வியாதிகளை மறைக்கும். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அல்லது மறுநாள் காலை வருவதாகச் சொல்லலாம்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பாருங்கள். முதல் நிமிடம் மெல்லிய வெள்ளை ஆவி வந்து மறைந்தால் கவலை இல்லை. அது உள்ளே தங்கிய ஈரம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அதிகமானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் போர் வேலை காத்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது என்று அர்த்தம். இது சரிசெய்யக்கூடிய சங்கதி.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் புகை அவற்றின் பிறவிக் குணம். 1985ல் வந்து 1996ல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்.எக்ஸ்.100க்கு இன்றும் ஆசையாக விலை கொடுப்பவர்கள் உண்டு. அங்கே பயப்பட வேண்டியது புகைக்கு அல்ல. ஒரு வண்டியின் ஆர்.சி.யில் வேறொரு வண்டியின் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

அடுத்து ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். கறுப்பாக இருந்தால் பழைய ஆயில், அவ்வளவுதான். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். மூழ்கிய வண்டியைக் கழுவி பெயிண்ட் அடித்து வெகு தூரத்து ஊரில் விற்பது ஒன்றும் கடினமல்ல. ஆனால் சேறு இடுக்குகளில் தங்கிவிடும். சீட்டைக் கழற்றி ஒயர்களின் இணைப்புகளைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா? மீட்டர் கண்ணாடியின் உள்ளே பனி படிந்த மாதிரி இருக்கிறதா? இருந்தால் நடையைக் கட்டுவது நல்லது.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள புது வண்டிகளில் மீட்டரும் சாட்சி சொல்லும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். கோளாறு தெரியாமலிருக்க யாரோ விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். ஏ.பி.எஸ். விளக்கும் அப்படித்தான். வண்டி சிறிது தூரம் நகர்ந்ததும் அது அணைய வேண்டும்.

விழுந்த வண்டிக்குத் தழும்பு உண்டு

எந்த பைக்கும் ஒருமுறையாவது கீழே சாய்ந்திருக்கும். நின்ற இடத்தில் சாய்வது வேறு, ஓட்டத்தில் மோதுவது வேறு. ஹாண்டில்பார் முனை, ஃபுட்ரெஸ்ட் நுனி, கிளட்ச், பிரேக் லீவர்களின் நுனி, சைலன்சரின் அடிப்பக்கம் ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே பக்கம் உராய்வு இருந்தால் அந்தப் பக்கமாகச் சறுக்கியிருக்கிறது. லீவர் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்கலாம்.

உண்மையான சாட்சி ஹாண்டில்பார் திரும்பி நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஹாண்டிலை முழுதாகத் திருப்பினால் ஒரு இரும்பு மேடு சேசிஸில் முட்டி நிற்கும். பலமாக மோதிய வண்டியில் அந்த மேடு நசுங்கியிருக்கும், அல்லது அங்கே பெயிண்ட் உதிர்ந்திருக்கும். பெட்ரோல் டாங்கில் ஹாண்டில் இடித்த பள்ளமும் இதே கதையைச் சொல்லும். சேசிஸ் கோணினால் எந்த மெக்கானிக்காலும் முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹாண்டிலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க் குழாயில் ஆயில் கசிவு தெரிந்தால் சீல் மாற்ற வேண்டும். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. இவை பெரிய செலவு இல்லைதான். ஆனால் ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது அந்தத் தாள்தான் உங்கள் வக்கீல்.

செயினைப் பின் பல்சக்கரத்தின் கடைசி முனையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி தெரியும் அளவுக்கு விலகினால் செயினும் இரு பல்சக்கரங்களும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. மேல்பக்கம் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் இந்த எண்ணை இளமையாக்க முடியாது.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பழைய வண்டியில் கேபிளைக் கழற்றினால் மீட்டர் நின்றுவிடும். டிஜிட்டல் மீட்டரையும் திருத்த முடியும். ஆனால் கால் வைக்கும் ரப்பரையும், கியர் லீவரின் ரப்பரையும், பிரேக் பெடலின் மேல்பரப்பையும் யாரும் திருத்துவதில்லை. மீட்டர் 12,000 கிலோமீட்டர் என்கிறது, பெடல் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் பெடலை நம்புங்கள்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். கடைவாசலில் நூறு அடி அல்ல, கால் மணி நேரம். மேல் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரைத் திருகும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வரக் கூடாது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. திரும்பி வந்து நிறுத்திய இடத்தைப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தரையில் ஆயில் சொட்டு இருந்தால் அதையும் தாளில் சேர்க்கலாம்.

காகிதத்தில் இருக்கிறது உயிர்

இன்ஜின் கெட்டால் மாற்றலாம். வண்டியே திருட்டு வண்டியாக இருந்தால்? போலீஸ் எடுத்துச் செல்லும். கொடுத்த பணத்தைக் கேட்க ஆள் இருக்க மாட்டார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். சந்தை விலையில் பாதிக்கு, ஆர்.சி. இல்லாமல் கிடைத்தது என்று போலீஸிடம் சொன்னால், அந்தக் காரணத்தை நீங்களே எடுத்துக்கொடுத்த மாதிரி.

எனவே சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் சேசிஸ் எண் ஹாண்டிலுக்குக் கீழே சேசிஸின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அச்சாக விழும். எழுத்துகள் கோணலாகவோ, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகவோ இருந்தால், அல்லது அங்கே மட்டும் புது பெயிண்ட் இருந்தால், வேறு வண்டி பார்ப்பது நல்லது. இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

வாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றின் நிலை தெரியும். நிதி நிறுவனக் கடன் பாக்கி இருந்தால் அடமானக் குறிப்பும் இருக்கும். கடனை அடைத்துவிட்டதாக வாயால் சொன்னால் போதாது. வங்கியின் கடிதமும், படிவம் 35ம் இருந்தால்தான் அந்தக் குறிப்பு நீங்கும். செலுத்தாத அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் தரும் படிவம் 29, இருவரும் கையெழுத்திடும் படிவம் 30 வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் முதலில் வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31. பலர் செய்யும் தவறு, விற்றவரின் கையெழுத்து மட்டும் உள்ள வெற்றுப் படிவத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு வண்டியை ஓட்டுவது. வண்டி கை மாறுகிறது. பெயர் மாறுவதில்லை.

இது வாங்குபவரின் தலைவலி மட்டும் அல்ல. 2007ல் விற்கப்பட்டு, அதன்பின் பல கைகள் மாறிய ஒரு கார் 2009ல் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் இன்னும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றவர் அதைப் பார்த்தே ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அது பொருட்டல்ல.

இதைத் தடுக்கத்தான் 2023 ஏப்ரல் முதல் புது விதி வந்தது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை விடும்போது படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் போகும். அதன்பின் பொறுப்பு வியாபாரியுடையது. கடைக்காரரிடம் இந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஊர் மாறினால் கணக்கும் மாறும்

தில்லியிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் தமிழருக்கு இன்னொரு கேள்வி உண்டு. நாளை மாற்றலாகி ஊருக்குத் திரும்பினால் வண்டி என்னாகும்? வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வாங்க வேண்டும். புது மாநிலத்தில் சாலை வரியும் கட்ட வேண்டும். 2021ல் அறிமுகமான பி.எச். வரிசை எண் உள்ள வண்டி என்றால் வரி இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டப்படுவது. கடைசியாக எதுவரை கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தில்லியில் வயதும் முக்கியம். தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் ஓடக் கூடாது என்ற தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் வைத்துக் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4ம் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. இப்படி மாறும் விதியை நம்பி 14 வயது வண்டி வாங்குவது சூதாட்டம். மற்ற ஊர்களில் 15 ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனைக்குப் பின் 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம்.

முடிவு செய்துவிட்டீர்களா? உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய் அவருக்கு நீங்களே கூலி கொடுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் விற்பவரின் மெக்கானிக். பணத்தை வங்கி மூலம், ஆர்.சி.யில் உள்ள பெயருக்கோ அங்கீகாரம் உள்ள வியாபாரிக்கோ அனுப்புங்கள். டெலிவரி ரசீதில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று காலை அந்த வண்டி எங்காவது மோதியிருந்தால், பழி மாலையில் வாங்கிய உங்கள் மீது விழாது. இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

இத்தனையும் பார்த்தால் வண்டி கை நழுவிப் போகும் என்று விற்பவர் அவசரப்படுத்துவார். இன்னொரு பார்ட்டி அட்வான்சோடு வந்துகொண்டிருக்கிறார் என்பார். வரட்டும். கரோல் பாக்கின் அந்தச் சந்தில் அடுத்த வண்டி இரண்டடி தள்ளித்தான் நிற்கிறது.