எல்லையில் உடைந்த கூலி

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட நாள் 1950 மே 9. அன்று பாரிஸில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் நிருபர்களைக் கூப்பிட்டு, பிரான்சின் நிலக்கரியையும் எஃகையும் ஜெர்மனியின் நிலக்கரி, எஃகோடு சேர்த்து ஒரே பொது அமைப்பின் கீழ் வைக்கலாம் என்று அறிவித்தார். திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்தவர் ழான் மோனே, பிராந்தி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கூட்ஸ் ஆபீசில் சரக்குக் கட்டணம் போட்டே ரிட்டயர் ஆன எனக்கு, அறிவிப்பைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் ருசி.

ஏன் நிலக்கரியும் எஃகும்? பீரங்கிக்கு இரண்டும் வேண்டும். 1870, 1914, 1939 என்று மூன்று முறை மோதிக்கொண்ட நாடுகள் பிரான்சும் ஜெர்மனியும். ஜெர்மனியின் ரூரில் நிலக்கரி, பிரான்சின் லொரேனில் இரும்புத்தாது. ஷூமானே எல்லைப்புறத்து மனிதர்தான். பிறந்தது லக்சம்பர்க்கில், முதல் உலகப் போர் முடியும்வரை ஜெர்மன் குடிமகன்.

1951 ஏப்ரல் 18-ல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவை இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டன் சேரவில்லை. 1947-ல்தான் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கியிருந்தார்கள். அதற்குள் வெளியார் அதிகாரத்துக்கு விட மனம் வருமா?

1953 பிப்ரவரியில் நிலக்கரிக்குப் பொதுச்சந்தை திறந்தது, சுங்கத் தடைகள் போயின. ரயில் கட்டணம் மட்டும் அசையவில்லை. தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும், எங்கள் அட்டவணையிலும் அப்படித்தான். அங்கேயோ, வேகன் நேராக எல்லையைக் கடந்தாலும், பயணம் எல்லையில் முடிந்து மறுபடி தொடங்கியதாகக் கணக்கு. ஸ்டேஷன் செலவு இரண்டு தடவை, நீண்ட தூரச் சலுகை பாதியிலேயே வெட்டு. இதற்குச் சுங்கவரியே தேவலை! இந்த வித்தையைக் கண்டுபிடித்தது மந்திரியாக இருக்காது, என்னைப் போன்ற கிளார்க்காகத்தான் இருக்கும். 1955-ல் இதை மாற்றி, முழுத் தூரத்துக்கும் ஒரே கணக்காகக் கட்டணம் போட ஒப்புக்கொண்டார்கள்.

அமைப்பின் செலவுக்கு எந்த அரசிடமும் கையேந்தவில்லை. நிலக்கரி, எஃகு உற்பத்தியின் மேல் கம்பெனிகளிடமே நேரடியாக ஒரு சிறு வரி வாங்கினார்கள். அதிகாரம் என்றால் அதுதான். ஆனாலும் மலிவு எண்ணெய் வந்து நிலக்கரி தேங்கியபோது, 1959-ல் நெருக்கடி அறிவித்து உற்பத்தியைக் கட்டுப்படுத்த அந்த அமைப்பு அனுமதி கேட்டது, அமைச்சர்கள் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்துக்கு ஆயுள் 50 வருஷம். 2002 ஜூலையில் காலாவதியானதும், மீந்த பணத்தை நிலக்கரி, எஃகு ஆராய்ச்சிக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.