அரங்கங்களை அதிரவைக்கும் மெட்டு

'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்', அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த இருவர் இசைக்குழு. இவர்கள் 2003-இல் வெளியிட்ட பாடல் 'செவன் நேஷன் ஆர்மி'. அதன் தொடக்க மெட்டு பேஸ் கிட்டார் போல ஒலிக்கும். உண்மையில் அது சாதாரண கிட்டாரின் சுருதியைக் கருவியால் தாழ்த்தி வாசித்தது.

அதே ஆண்டு அக்டோபரில், கால்பந்து ஆட்டம் காண மிலான் சென்ற பெல்ஜியத்தின் ப்ரூஜ் அணி ரசிகர்கள் அந்த மெட்டை முழங்கினார்கள். அவர்கள் அணி 1-0 என வென்றது. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலியின் ரசிகர்களும் அதையே பாடிக் கொண்டாடினார்கள். பின்னர் அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு அரங்குகளிலும் அது ஒலிக்கத் தொடங்கியது.

முழங்குவதற்குச் சொற்களே தேவையில்லை. அதனால்தான் எந்த மொழி பேசுபவரும் அதில் ஒரே குரலாக இணைந்துவிடுகிறார்கள்.