ஏ.சி.யா? டி.சி.யா? - அப்பா கேட்ட கேள்வி



எங்க அப்பா தள்ளுவண்டியில் இரவு டிபன் கடை போடுகிறார். வண்டி விளக்குக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி. பகலெல்லாம் அது வீட்டில் சார்ஜ் ஏறும். போன வருஷம் ஒரு நாள் புதிதாக வாங்கிய 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு எரிகிறதா என்று பார்க்க, அதன் இரண்டு ஒயரையும் வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி ஸ்விட்சைப் போட்டுவிட்டார். 'பட்' என்று ஒரு சத்தம். விளக்கும் போச்சு, ஃபியூசும் போச்சு. விரல் நுனி கருகியதோடு அப்பா தப்பித்தார்.

"ஏம்மா, அதுவும் கரண்டு, இதுவும் கரண்டு. அப்புறம் ஏன் வெடிக்குது?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவள் நான். அதுவும் எலக்ட்ரிகல். "அது டி.சி., இது ஏ.சி.ப்பா" என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. பரீட்சையில் அட்டவணை போட்டு எழுதிய வித்தியாசம் ஒன்றுகூட அப்பாவிடம் சொல்லும்படி இல்லை. அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பேட்டரியில் பிளஸ் என்றைக்கும் பிளஸ்தான், மைனஸ் மைனஸ்தான். கரண்டு ஒரே பக்கமாக ஓடும். இது நேர்திசை மின்னோட்டம், டி.சி. வீட்டு பிளக்கில் அப்படியில்லை. நியூட்ரல் சும்மா இருக்க, பேஸ் ஒயர் ஒரு நேரம் பிளஸ், மறு நேரம் மைனஸ் என்று விநாடிக்கு 50 சுற்று மாறும். திசை மட்டும் 100 தடவை திரும்பும். இதுதான் மாறுதிசை மின்னோட்டம், ஏ.சி. 230 வோல்ட் என்பது அதன் ஆர்.எம்.எஸ். மதிப்பு. உச்சத்தில் அது 325 வோல்ட்டைத் தொடும்.

ஆக, அப்பாவின் விளக்கு வெடித்ததற்கு ஏ.சி.யை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 12 வோல்ட் தாங்குகிற பொருளுக்கு 230 கொடுத்ததுதான் முதல் காரணம். நான் அன்று சொன்ன பதிலே அரைகுறை!

பிறகு எதற்கு வீட்டுக்கு ஏ.சி.? எடிசன் 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின் நிலையம் 110 வோல்ட் டி.சி.தான் கொடுத்தது. ஏறத்தாழ ஒரு மைல் தாண்டினாலே ஒயரில் பாதி வழியில் வோல்டேஜ் இறங்கிப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,300 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர். 2,300 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர்தான். ஒயரில் வெப்பமாகப் போகும் நஷ்டம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்றபடி என்பதால், அது நூறில் ஒரு பங்காகிவிடும். வோல்டேஜை அப்படி ஏற்றி இறக்க அன்று கைக்கு அடக்கமாக இருந்த கருவி டிரான்ஸ்ஃபார்மர். அது ஏ.சி.க்குத்தான் வேலை செய்யும். நம் தெருவுக்கும் 11,000 வோல்ட்டில் வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கித்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

(டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி. கொடுத்தால் என்ன ஆகும்? வைவாவில் தவறாமல் வரும் கேள்வி. காந்தப்புலம் மாறாது, எதிர் மின்னழுத்தம் உண்டாகாது, பிரைமரி சுருளின் சொற்ப ரெசிஸ்டன்ஸ் மட்டும் தடுத்து நிற்கும். கரண்டு எகிறி சுருள் கருகும். நான் "அவுட்புட் வராது சார்" என்று மட்டும் சொல்லி மாட்டிக்கொண்டேன்.)

ஏ.சி. ஜெயித்தாலும் டி.சி. ஒழிந்து போகவில்லை. நியூயார்க்கில் கடைசி டி.சி. இணைப்பைத் துண்டித்ததே 2007-ல்தான். இன்று செல்போன் சார்ஜர், டி.வி., எல்.இ.டி. பல்பு எல்லாம் உள்ளே போனதும் ஏ.சி.யை டயோடுகளால் டி.சி. ஆக்கித்தான் பயன்படுத்துகின்றன. பேட்டரி டி.சி.யை மட்டுமே சேர்த்து வைக்கும். அதனால் இன்வெர்ட்டர் ஏ.சி.யை டி.சி. ஆக்கி, கரண்டு போனதும் மறுபடி ஏ.சி. ஆக்குகிறது. பெரிய தூரத்துக்கும் டி.சி. திரும்பி வந்திருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டி.சி. லைன் வருகிறது.

ஹாஸ்டலில் "டி.சி. ஷாக் அடிக்காதுடி" என்று பேசிக்கொள்வார்கள். அது 12 வோல்ட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் பேச்சு. வீட்டுக் கூரையில் சோலார் பேனல்களை வரிசையாகச் சேர்த்தால் சில நூறு வோல்ட் டி.சி. வந்துவிடும், ஆளைக் கொல்லப் போதும். அதை அணைப்பதும் கடினம். ஏ.சி.யில் ஸ்விட்சை அணைக்கும்போது வரும் தீப்பொறி, கரண்டு விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் சட்டென்று செத்துவிடும். டி.சி.யில் பூஜ்யமே இல்லை. பொறி அப்படியே நீண்டு நின்று காண்டாக்டை உருக்கும். அதனால் சோலாருக்கு டி.சி. என்று போட்ட எம்.சி.பி.தான் வேண்டும். விலை குறைவு என்று சாதாரண வீட்டு எம்.சி.பி.யைப் போட்டால் தீப்பிடிக்கும். 12 வோல்ட்டிலும் ஒன்று உண்டு: பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அது பழுக்கக் காய்ந்துவிடும். டெஸ்டரோ அங்கே எரியவே எரியாது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். வண்டி ஒயர் முனைகளில் பேட்டரிக்கு மட்டும் பொருந்துகிற கிளிப் மாட்டிக் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த சார்ஜர் டப்பா சுடுதே, அதுக்குள்ளதான் உன் டயோடு இருக்கா?" என்றார்.