கொட்டகையில் நிற்கும் பழைய மோட்டார் கார்

தருமபுரி ஜில்லாவில் பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், பென்னாகரம் முதலிய பக்கங்களில், மாந்தோப்பும் கரும்புக் கொல்லையும் வைத்து ஒரு காலத்தில் செழிப்பாக வாழ்ந்த குடும்பங்களின் வீட்டுக் கொட்டகைகளில், புளி மூட்டைகளுக்கும் ஏர்க் கலப்பைகளுக்கும் நடுவே, பாட்டனார் ஆசையோடு வாங்கி ஓட்டிய அம்பாஸடரோ பியட்டோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, நான்கு சக்கரங்களும் காற்றிழந்து தரையில் படிய, வருஷக்கணக்காக அசையாமல் நிற்பதைக் காணலாம். உத்தரபாராவில் அம்பாஸடர் செய்த ஆலை 2014ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 1961 முதல் சென்னையிலேயே ஹெரால்டைச் செய்துவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஸ்தாபனமோ எண்பதுகளின் இறுதியிலேயே கார்த் தொழிலைக் கைவிட்டது. இவ்வண்டிகள் இனிப் புதிதாக வரப்போவதில்லை என்னும் உணர்வு பரவியபின், பேரப்பிள்ளைகளுக்கு அவற்றின்மேல் ஒரு வாஞ்சையும், பெங்களூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே வந்து விசாரிக்கும் தரகர்களுக்கு ஒரு கண்ணும் உண்டாகியிருக்கின்றன.

வாஞ்சை நல்லதுதான். ஆனால் அந்த வாஞ்சை கொண்டவர்கள் முதற்காரியமாகச் செய்வது, கடையிலிருந்து புது பாட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிச் சாவியைத் திருப்புவது. எஞ்சினின் ஓசையை மறுபடி கேட்க வேண்டும் என்னும் அந்தத் துடிப்பே வண்டியையும், சில சமயம் ஓட்டுகிறவரின் உயிரையும், அநேக சமயம் அவருடைய சொத்தையும் கெடுக்கிறது. எஞ்சின் கடைசியில் கவனிக்க வேண்டிய விஷயம். முதலில் கவனிக்க வேண்டியது உரிமைப் பத்திரம், அடுத்தது பிரேக்கு. இந்த வரிசை மாறக்கூடாது என்பதை வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

பாட்டனாரின் பெட்டியில் கிடைக்கும் ஆர்.சி. புத்தகத்தில் காலாவதித் தேதி எதுவும் காணப்படாததால், அது என்றென்றைக்கும் செல்லும் என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, அச்சட்டம் அமலுக்கு வருமுன் கொடுக்கப்பட்ட பதிவுச் சான்றுகளையும் சேர்த்தே, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்துவிட்டது. ஆகவே கொட்டகையில் நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் இன்று உயிருள்ள பதிவு இல்லை. அதைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதும் சட்டப்படி குற்றமே. முதல் தடவைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பத்திரம் இறந்தவரின் பெயரிலேயே இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. உரிமையாளர் காலமானால் வாரிசு 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்துவிட்டதென்று அஞ்சி ஒதுங்கிவிடுவதைவிட, இறப்புச் சான்றும், தாசில்தாரிடம் பெற்ற வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகள் எழுதிக் கொடுத்த சம்மதமும் கொண்டு இப்போதாவது விண்ணப்பிப்பதே சரி. அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த பிறகு, அது பொதுச் சொத்து என்று மற்றொருவர் உரிமை கொண்டாடுவதற்கு இந்தச் சம்மதக் கடிதம் ஒன்றே தடை.

ஆர்.சி. புத்தகமே கறையானுக்கு இரையாகிவிட்டதானால், பழைய பதிவேட்டை எங்கே தேடுவது என்பதற்கு இம்மாவட்டத்தின் சரித்திரம் வழிகாட்டும். தருமபுரி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவானது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. அதற்கு முன் பதிவான வண்டியின் விவரத்தைச் சேலத்தில்தான் கேட்க வேண்டும். அப்படியே கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதற்கு முற்பட்ட ஓசூர்ப் பக்கத்து வண்டிகளின் சுவடு தருமபுரியில் இருக்கலாம். அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டு, ஏடு கிடைக்கவில்லை என்ற பதிலோடு திரும்புவது வழக்கமாக இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுத்து மூலம் கேட்டால், 30 நாட்களுக்குள் எழுத்து மூலமே பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

இங்கே வாசகர் நிதானித்துத் தீர்மானிக்க வேண்டிய ஒரு கட்டம் வருகிறது. முதன்முதல் பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ வாகனங்கள் என்று தனியே பதிவு செய்ய, மத்திய அரசு 2021 ஜூலையில் விதிகளைத் திருத்தி வழி செய்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். விண்ணப்பம் கொடுத்த 60 நாட்களுக்குள் சான்று வழங்க வேண்டும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இனிக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும், பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும், ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரிப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ கூடாது. கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை முன்னதாகவே அறிந்துகொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்வரப் பிரியப்படுகிறவர்களுக்கு ஐந்தாண்டுப் புதுப்பித்தலே பொருத்தம். 2025 ஆகஸ்டில் திருத்திய விகிதப்படி, 20 ஆண்டைக் கடந்த காருக்கு அதன் கட்டணம் 10,000 ரூபாய்.

வயதைக் காரணமாகக் காட்டி, வண்டியை உடைத்தே தீரவேண்டும் என்று யாரேனும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். டெல்லி வட்டாரத்துக்கென்று நீதிமன்றங்கள் வகுத்த 10, 15 வருஷ வரம்பு தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிகளுக்கு இல்லை. பரிசோதனையில் தேறுகிற வண்டிக்குச் சாலையில் இடம் உண்டு.

விண்டேஜ் பதிவை நாடுவோர் மனத்தில் வைக்க வேண்டியது இன்னொன்று: அடிச்சட்டம் (சேஸிஸ்), கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்த வண்டியை அவ்விதி ஏற்பதில்லை. டீசல் மலிவாக இருந்த காலத்தில் அம்பாஸடர்களில் வேறு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டவர்கள் அநேகர். அந்த மாறுதல் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேஸிஸ், எஞ்சின் எண்களைச் சரிபார்க்கும் முறை எளிது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண் பொறித்த இடத்தை மெல்லத் துடைத்து, மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழும்பி வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், மங்கிய எண்ணைக் குத்தி ஆழப்படுத்துவதும் திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு இடம் தரும், கைவைக்கவே கூடாது.

இனி பிரேக்கு. தருமபுரியிலிருந்து நெடுஞ்சாலை வழியே சேலம் போகிறவர் எவரும் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தைக் கடந்தே ஆகவேண்டும். புத்தம்புதிய லாரிகளே கட்டுப்பாடிழந்து அங்கே எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கின்றன. அந்த இறக்கத்தில், பல வருஷம் நின்ற ஒரு பழைய கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எண்ணிப் பாருங்கள். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நின்ற காலமெல்லாம் உறிஞ்சிய நீர் வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, டிரம் சூடேறியவுடன் கொதித்து ஆவியாகிறது. ஆவி அழுந்திக் கொடுக்கும் பொருளாதலால், மிதித்த பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை போய்விடும். அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய் வழிதான். ஓர் இடத்தில் கசிந்தாலும் நான்கும் ஒருங்கே போகும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாயிருந்தும் உள்ளே வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகையால் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள், வீல் சிலிண்டர்கள், ஆயில் அனைத்தையும் மாற்றாமல் வண்டியை நகர்த்துவதில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது கம்ப்ரெஸர் காற்றால் தூசியை ஊதுவது பட்டறைகளில் சகஜம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்ததால், அத்தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தகும். டயர்களில் பூ எவ்வளவு இருந்தாலும், வெடித்துக் காய்ந்த ரப்பரை நம்பி ஏறக்கூடாது.

இவ்வளவும் ஆனபின் எஞ்சினுக்கு வரலாம். பானெட்டைத் திறக்குமுன் நீண்ட கழியால் தட்டுவது அவசியம். எலி கூடு வைத்த இடத்துக்குப் பாம்பு வரும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். முதலில் கல்லாக நின்று, பிறகு ஒரு விரற்கடை இளகி, பிறகு முழுச் சுற்றுக்கு இசைவதைக் கையே உணரும். இளகாத எஞ்சினை பாட்டரியின் பலத்தால் சுழற்றினால், துருவேறிய பிஸ்டன் வளையங்கள் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். சில ஆயிரங்களில் முடியவேண்டிய வேலை லட்சத்தைத் தொடும். டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை, பிசினாகி நாறுவதை, முழுவதும் இறக்கிவிட்டு டேங்கையும் கார்புரேட்டரையும் கழுவ வேண்டும். ரேடியேட்டருக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றினால் நுண்ணிய குழல்களில் படிவு அடைத்துவிடும். மழைநீரோ பாட்டரி நீரோ போதும். முதன்முறை ஸ்டார்ட் செய்வது திறந்த வெளியில்தான் ஆகவேண்டும், ஏனெனில் மூடிய கொட்டகையில் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையின்றியே கொல்லும்.

இன்றைய பெட்ரோலும் பாட்டனார் காலத்துப் பெட்ரோல் அன்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடெங்கும் நின்றது. இப்போது பெட்ரோல் பங்குகளில் பொதுவாகக் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்களையும் கார்க்கு வளையங்களையும் அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிக்கொள்வதோடு, ஓட்டாமல் நிறுத்தும் நாட்களில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதிருப்பதும் தீ விபத்தைத் தவிர்க்கும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதச் சிறையோ இரண்டுமோ என்பதைவிட, மோதியதில் ஒருவர் மாண்டால் நஷ்டஈடு முழுவதும் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கட்டவேண்டி வரும் என்பதே பெரிய அபாயம். 2022இல் நிர்ணயித்த விகிதப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 வரை 3,416 ரூபாய். விண்டேஜாகப் பதிவானவற்றுக்கு அதில் பாதி தள்ளுபடி. ஹெரால்டு முதல் வகுப்பிலும் பியட்டும் பழைய அம்பாஸடரும் இரண்டாவதிலும் அடங்கும்.

பட்டறையில் விடும்போது நம்பிக்கை ஒன்றையே பத்திரமாகக் கொள்வது நம் வழக்கம். வண்டியில் உள்ள மீட்டர், ஹாரன் வளையம், சக்கர மூடி, விளக்குகள் ஆகிய ஒவ்வொன்றையும் படமெடுத்து, செய்யவேண்டிய வேலை, தொகை, தவணை, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரும் நிபந்தனை யாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, பேசியபடி வேலையை முடித்த தொழிலாளிக்குக் கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கும் உரிமை தருகிறது. அது நியாயமான உரிமை. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமலோ, அசல் பாகங்களை மாற்றியோ விட்டால், 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் பிராது கொடுக்கலாம். பட்டறை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், வண்டிக்காரர் தாம் வசிக்கும் தருமபுரியின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கிட அச்சட்டம் இடம் தருகிறது; கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிச் சமரசத்துக்கு முயலலாம்.

விற்பதென்று தீர்மானித்தவர்கள்தான் எல்லாரையும்விட ஏமாறுகிறார்கள். தரகர் ரொக்கத்தைக் கையில் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களை நிரப்பாமலே அவற்றில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வண்டியை ஏற்றிப் போகிறார், பெயர் மாறுவதில்லை. 2018இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்திருக்கிறது. எடைக்குப் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பழைய இரும்புக் கடையில் நொறுக்கிய காரின் எண்ணும் புத்தகமும் வேறொரு வண்டிக்கு ஏறிவிடலாமாதலால், அரசு பதிவு செய்த உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, பதிவை ரத்துச் செய்துகொள்ள வேண்டும். விற்றவர் தமிழ்நாட்டுக்குள் 14 நாட்களுக்குள்ளும், கர்நாடகம் போன்ற வெளிமாநிலமானால் தடையில்லாச் சான்றோடு 45 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பே வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டு விற்றுவிட்டவர்கள், கிரய ரசீதின் நகலையும் வாங்கினவரின் விலாசத்தையும் இணைத்து, பதிவு அதிகாரியின் அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் எழுதி, பெயர் மாற்றம் நடந்ததா என்று கேட்க வேண்டும். புதுப்பித்தலோ பெயர் மாற்றமோ மறுக்கப்பட்டால் அந்த உத்தரவை எழுத்தில் பெற்று, கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.