வீட்டுக் கலகமும் பிள்ளைத் தமிழும்

இரண்டு சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காலை ஏழு மணி என்பது ஒரு யுத்தகாலம் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். மற்றொன்று தண்ணீர்த் தொட்டியில் மிதந்துகொண்டிருக்கும். இளையவள் பருப்புச் சாதத்தில் தான் உண்டது பாதி, பத்தமடைப் பாய்க்கு ஊட்டியது பாதி. அடுக்களையில் அரிசி டப்பா கவிழும் ஓசை கேட்டு ஓடினால், அதற்குள் கூடத்தில் வேறோர் ஓசை எழும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிவிடும் உபாத்தியாயரும், வீட்டில் இரண்டு வயதுச் சக்கரவர்த்தினிக்குக் கப்பம் கட்டித்தான் தீர வேண்டும்.

விருந்தினர் வந்தால் இந்த அலங்கோலத்தைக் கண்டு நாம் கூசுகிறோம். நம் முன்னோர் கூசவில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி என்ற அரசன் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. தத்தித் தத்தி வந்து, உண்கலத்தில் கையை விட்டுத் துழாவி, நெய்ச் சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை அவன் அதில் வியந்து பாடுகிறான். அத்தகைய குழந்தை இல்லாவிட்டால் பெருஞ்செல்வத்தாலும் பயனில்லை என்பது அவன் முடிவு. அரண்மனையிலும் சோறு சிந்தத்தான் சிந்தியிருக்கிறது!

பிற்காலத்துப் புலவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, குழந்தையின் கலகத்தையே ஒரு தனிப் பிரபந்தமாக்கிவிட்டார்கள். அதுதான் பிள்ளைத்தமிழ். மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பத்துப் பருவங்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐந்தாம் மாதத்தில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்ந்து அசைவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. நடந்து வா என்று தாய் அழைப்பது வருகை. நிலவை விளையாட அழைப்பது அம்புலி. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களைக் கவனியுங்கள்: சிறுபறை முழக்குவது, சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிதைப்பது, சிறுதேர் உருட்டுவது. அதாவது சத்தம், சேதம், இழுபறி! தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்து அண்டை வீட்டாரின் பகலுறக்கத்தைக் கெடுக்கும் பாலகன் துஷ்டன் அல்லன். அவன் சிறுபறைப் பருவத்தில் இருக்கிறான். பருவத்துக்கு உரிய வேலையை அவன் ஒழுங்காகச் செய்துவருகிறான்.

இந்தப் பிரபந்த வகையில் சிகரம் என்று பலரும் கொண்டாடுவது மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். அதைப் பாடியவர் நம் பொருநைக் கரைப் பிள்ளை என்பது நமக்குப் பெருமை. குமரகுருபரர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயது வரையில் அவர் வாய் திறந்து பேசவில்லை என்று அவர் சரித்திரம் கூறுகிறது. பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் அவரைக் கிடத்தி வேண்ட, அங்கே பேச்சு வந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பர். பிற்காலத்தில் திருமலை நாயக்கர் (1623–1659) ஆண்ட மதுரையில் மீனாட்சியைச் சிறு குழந்தையாக்கி, அவள் கை கொட்டுவதையும் தளர்நடை நடப்பதையும் பாடினார். மழலை கேட்க ஐந்து ஆண்டு ஏங்கியிருந்த வீட்டிலிருந்துதான் குழந்தைமையின் இந்தப் பெரிய பாட்டு பிறந்தது! ஓயாமல் பேசும் குழந்தையைப் பார்த்து, "சற்று வாயை மூடு" என்று நாம் சொல்ல வாயெடுக்கும்போது, ஸ்ரீவைகுண்டத்து அந்தத் தாயை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "குமரகுருபரரே ஐந்து வயதில்தான் பேசினார், நம் பிள்ளையும் பேசுவான்" என்று காத்திருப்பது இக்காலத்துக்குப் பொருந்தாது. இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை வைத்தியரிடம் காட்டி, முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துவிட வேண்டும். காது கேளாமையை எவ்வளவு சீக்கிரம் கண்டறிகிறோமோ, பேச்சுக்கு அவ்வளவு நல்லது. திருச்செந்தூருக்கும் போகலாம், வைத்தியரிடமும் போகலாம். ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

இக்காலத்துப் பெற்றோருக்கு வேறொரு சோதனையும் வந்திருக்கிறது. கலகம் பொறுக்க முடியாதபோது கைபேசியைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டால் போதும். வீடு அடங்கிவிடும், சோறும் இறங்கிவிடும். ஆனால் அந்த அமைதி விலை கொடுத்து வாங்கிய அமைதி. குழந்தை நம் முகத்தைப் பார்த்து, நம் வாயசைவைக் கண்டு, தானும் ஒரு சொல் சொல்லிப் பார்க்க வேண்டிய நேரம் அதில் கரைந்து போகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுரையில், இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்றும் சொல்லியிருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை தினம் 180 நிமிஷமாவது உடலை அசைத்து ஓடியாட வேண்டும் என்பதும் அதே அறிவுரைதான். ஆக, மூன்று மணி நேரக் கலகத்துக்கு வைத்திய சாஸ்திரமே அநுமதிச் சீட்டு வழங்கிவிட்டது!

அதற்கு வேண்டிய சாதனங்களும் நம் ஜில்லாவில் அருமையானவை. அம்பாசமுத்திரத்துத் தச்சர்கள் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிய சொப்புச் சாமான்கள் இருக்கின்றன. அந்தச் சிறிய அடுப்பில் நெருப்பில்லாமல் சோறு வேகும். பானையில் ஒன்றுமில்லாமலே வீடு முழுவதற்கும் பந்தி நடக்கும். பனையோலைக் கிலுகிலுப்பையும் நடைவண்டியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாமிரபரணி மணல் இருக்கிறது. மாலையில் துணைக்கு ஒருவர் அருகில் இருந்துகொண்டு, குழந்தைகளை ஆற்றங்கரை மணலில் விட்டுப் பாருங்கள். சிற்றிலைக் கட்டுவதும் சிதைப்பதும் அழுவதும் மறுபடி கட்டுவதுமாக, நூல்களில் படித்த பருவங்கள் யாவும் கண்முன்னே அரங்கேறும்.

இரவில் எல்லாம் அடங்கிய பிறகு, சிதறிய சொப்புகளைப் பொறுக்கும் தாய் தந்தையர்க்கு இடுப்பு வலிப்பது உண்மை. ஆனால் பிள்ளைத்தமிழின் கணக்குப்படி அந்தப் பத்துப் பருவங்களும் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள அதன் பிறகு நமக்கு எத்தனையோ ஆண்டுகள் இருக்கின்றன. செங்கீரைக்கு இருப்பதோ இரண்டே மாதம். அதைக் கண்ணாரக் கண்டுவிடுவோம்.