உயிரணுவின் காலக்கணக்கு

எலியின் அட்ரினல் சுரப்பியில் தோன்றிய ஒரு கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1976-ஆம் ஆண்டு முதல் விஞ்ஞானிகளால் பி.சி.12 என்று வழங்கப்பட்டுவரும் உயிரணுக்களை இரண்டு தட்டுகளில் வளர்த்து, ஒன்றில் மேல்தோல் வளர்ச்சிக் காரணியையும் மற்றதில் நரம்பு வளர்ச்சிக் காரணியையும் சேர்த்தால், முதல் தட்டிலுள்ளவை பிளந்து பெருகுகின்றன; இரண்டாவது தட்டிலுள்ளவையோ பெருகுவதை விடுத்து, சில தினங்களில் நீண்ட கிளைகளை நீட்டி, நரம்பணுக்களின் சாயலை அடைந்துவிடுகின்றன. இவ்விரு காரணிகளையும் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனும் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

காரணிகளை ஏற்கும் புரதங்கள் வெளிச்சவ்வில் வேறு வேறாயினும், உள்ளே இரண்டும் எழுப்பிவிடுவது பெரும்பாலும் ஒரே புரதச் சங்கிலியைத்தான் என்பதும், அதன் கடைசிக் கண்ணியான இ.ஆர்.கே. என்னும் நொதி இரு தட்டுகளிலும் விழித்துக்கொள்கிறது என்பதும் புலப்பட்டபோது, ஒரே காரணத்திலிருந்து இருவேறு காரியங்கள் பிறப்பது எங்ஙனம் என்ற கேள்வி எழுந்தது. விடை, காலத்தில் இருந்தது. முதல் தட்டில் அந்நொதி சில நிமிஷங்களில் உச்சத்தை எட்டி, விரைவிலேயே அடங்கிவிடுகிறது; இரண்டாவதில் மணிக்கணக்காக விழித்திருக்கிறது. விழித்த நொதியே சங்கிலியின் மேற்கண்ணிகளைத் தடுப்பதும், சமிக்ஞையை வாங்கிய புரதத்தை உயிரணு உள்ளிழுத்து அழித்துவிடுவதும் அவ்வாறு அடங்குவதற்குரிய காரணங்களுள் சில.

கடிகாரம் இல்லாத உயிரணு இக்கால பேதத்தை அறியும் விதம் விசேஷமானது. இணைப்புத் திசு உயிரணுக்களில் நடந்த பரிசோதனைகளின்படி, சமிக்ஞை வந்ததும் ஃபாஸ் என்ற புரதத்திற்குரிய மரபணு வேலையைத் தொடங்குகிறது; ஆனால் புரதம் உருவாகி வெளிவரச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் நொதி ஓய்ந்துவிட்டால், ஆதரவற்ற அப்புரதம் சீக்கிரமே சிதைந்துபோகும். நொதி இன்னும் விழித்திருந்தால், அது பாஸ்பேட்டை ஒட்டிப் புரதத்தை நிலைநிறுத்தி, மேலும் பல மரபணுக்களை இயக்கும் தகுதியை அதற்கு அளிக்கிறது. வாசலில் ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறவனையும், கதவு திறக்கும்வரை நிற்கிறவனையும் வீட்டுக்காரர் பிரித்தறிவது போன்றதுதான் இது.

ஆகவே, சமிக்ஞையைத் தொடங்கிவைக்கும் சக்தியைப் போலவே, அதை உரிய க்ஷணத்தில் நிறுத்தும் சக்தியும் உயிரணுவுக்கு அத்தியாவசியம். இதே சங்கிலியின் ஒரு கண்ணியான பி-ராஃப், மரபணுப் பிழையால் ஓயாது விழித்திருக்கும் நிலையை மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் காண்கிறோம். அக்கண்ணியை அடக்கும் மருந்துகள் இன்று சிகிச்சையில் வழங்கப்பட்டுவருகின்றன.